எரிவு நின்ற பிறகு

பெரியம்மா கட்டிலில் படுப்பதை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. விறாந்தையில் பாயை விரிப்பார். உடம்பு பாயில் இருக்கும்; பாதங்கள் மட்டும் வெளியே, வெறும் சீமெந்து நிலத்தில் கிடக்கும். "உள்ளங்காலுக்கை தணல் வைச்ச மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்பார். போர்வையின் நுனி பட்டாலும் காலை இழுத்துக்கொள்வார். நடுச்சாமத்தில் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பதும் உண்டு.

ஒரு தை மாதம், "எரிவெல்லாம் விட்டிட்டுது, இப்ப நல்ல சுகம்" என்றார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். குளிசை கேட்கிறது என்று நினைத்தோம். மூன்று கிழமை போயிருக்கும், அடுப்படியிலிருந்து விறாந்தை வரை நிலத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம். யாருடையது என்று முதலில் தெரியவில்லை. ஆளாளுக்குக் காலைத் தூக்கிப் பார்த்தோம். பெரியம்மாவின் வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அதன்மேல் நின்றபடிதான் அவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். எப்போது ஏறியது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

எரிவு நின்றதற்குக் காரணம் சுகம் இல்லை. எரிவைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு செத்துப்போயிருந்தது.

சீனி வருத்தத்துக்காக ஆறு வருடமாக மாதம் தவறாமல் கிளினிக் போனவர் அவர். கொப்பி நிறைய இரத்தச் சீனிக் கணக்கு, பிரஷர் கணக்கு, மருந்துப் பெயர்கள். பாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒருவரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அவரும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று பின்னால் கேட்டபோது, "டொக்டருக்கு முன்னால காலை நீட்டுறதோ?" என்று திருப்பிக் கேட்டார். பெரியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் முன்னால் கால் நீட்டக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. அந்த மரியாதை எத்தனை கால்களைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாங்கள் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் சொல்லும் நீரிழிவு, 2018–19இல் இலங்கை முழுவதும் செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 23 வீதமானோருக்கு இருக்கிறது. ஒழுங்கை முகப்பில் நான்கு பெரியவர்கள் நின்று கதைத்தால் அதில் ஒருவருக்கு இருக்கலாம். உலக அளவில், இந்த வருத்தம் உள்ளவர்களில் 19 முதல் 34 வீதமானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். சலரோகத்தால் கால் எடுக்கப்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 85 பேருக்கு அதற்கு முன் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு விறைப்பு இருந்திருக்கும்.

ஏன் காலில் தொடங்குகிறது? பாதத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்புக் கலம் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் இழை அங்கிருந்து கால்விரல் நுனி வரை, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்துக்கு ஓடுகிறது. அந்த இழைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் இரத்தக்குழாய்கள் மயிரைவிட மெல்லியவை. வருடக்கணக்காக இரத்தத்தில் சீனி கூடி நின்றால் இழையும் கெடும், குழாயும் கெடும். மிக நீளமான இழைதான் முதலில் பழுதாகும். ஆகவே விரல் நுனியில் தொடங்கி, மேசு போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்காலை அண்டும்போது கைவிரல் நுனிகளிலும் தொடங்கிவிடும்.

உணர்வு நரம்போடு இது நிற்பதில்லை. பாதத்தின் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கிபோல மடங்கும். விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் உடம்பின் பாரம் முழுக்க விழும். அங்கே தோல் தடித்து ஆணி வரும். வியர்வையை நடத்தும் நரம்பு கெட்டால் பாதம் காய்ந்து குதி வெடிக்கும். "வயசுக்கு வாற வெடிப்பு" என்று விட்டுவிடுகிறோம். அந்த வெடிப்பு கிருமி உள்ளே வரும் வாசல்.

கால் நோ என்ற ஒரு சொல்லுக்குள்

கிளினிக்கில் நேரம் கொஞ்சம். "கால் நோகுது டொக்டர்" என்று ஒரு வசனம் சொல்லுவோம். அவர் ஒரு நோக்குளிசை எழுதுவார். இரண்டு பக்கமும் ஏதோ நடந்த திருப்தி. ஆனால் யாழ்ப்பாணத் தமிழில் நோவுக்கு எத்தனை சொல் இருக்கிறது: எரிவு, உளைவு, விறைப்பு, குத்து, கடுப்பு. ஒவ்வொன்றும் வைத்தியருக்கு வேறு வேறு வழியைக் காட்டும். மானிப்பாயில் இருந்து வேலை செய்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860களிலேயே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். அதற்காக நூல்களையும் தமிழாக்கினார். உடம்பைப் பற்றிச் சொல்லத் தமிழில் சொல் போதாது என்று இந்த மண்ணில் நின்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிற சொல்லை வைத்தியரிடம் சொன்னால் போதும்.

எரிவு, ஊசி குத்துவது, சுள்ளென்று மின்சாரம் அடிப்பது, இரண்டு பாதத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது, இரவில் கூடுவது, துணி பட்டால் தாங்காதது, எழுந்து நடந்தால் கொஞ்சம் குறைவது: இது நரம்பு நோ. விறைப்பு என்பது அதே நரம்பின் அடுத்த கட்டம். "பஞ்சில நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். செருப்பு ஒன்று காலை விட்டுக் கழன்றது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எரிவும் விறைப்பும் ஒரே பாதத்தில் ஒரே நேரத்தில் இருக்கலாம். மேலே எரியும், குத்தினால் தெரியாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். நரம்பு கெட்டவர்களில் பாதிப் பேர் வரை எந்த நோவையும் உணராமலே இருக்கலாம். அவர்களுக்கு முதல் அறிகுறியே புண்தான்.

உளைவு வேறு. சந்தியிலிருந்து கோயிலடி வரை நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விடுகிறது, திரும்ப அதே தூரம் நடந்தால் திரும்பப் பிடிக்கிறது என்றால், அது காலுக்கு வரும் இரத்தக்குழாய் ஒடுங்குவதன் அடையாளம். முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் நோகும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் இரத்தம் இறங்கிக் கொஞ்சம் ஆறும். கவனித்துப் பாருங்கள், நரம்பு நோக்காரரும் இரவில் கால் இறக்குகிறார், குழாய் அடைப்புக்காரரும் இறக்குகிறார். ஒருவருக்கு நிலத்தின் குளிர் வேண்டும். மற்றவருக்கு இரத்தம் கீழே வரவேண்டும். ஒருவருடைய பாதம் இளஞ்சூடாக, மேற்புறத்தில் நாடி துடித்துக்கொண்டிருக்கும். மற்றவருடைய பாதம் சில்லிட்டு, மயிர் உதிர்ந்து, தோல் மினுங்கும். காலுக்குப் போகும் குழாய் அடைத்தால், இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் அது நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: சலரோகமும் புகையும் சேர்ந்தால் காலின் குழாய்களை அடைப்பதற்கு வேறு துணை தேவையில்லை. "சிகரெட் இல்லை, சுருட்டுத்தானே" என்பவர்களுக்கும் இதுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கும். பெரிய நோ இருக்காது. காய்ச்சலும் இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுவார்கள், யூரிக் அமிலம் என்று குளிசை போடுவார்கள். உள்ளே, உணர்வில்லாத பாதத்தின் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ 1868இல் வேறொரு நரம்பு வருத்தத்தில் விவரித்த நிலை இது; நீரிழிவிலும் வரும் என்று 1936இல் எழுதப்பட்டது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாக இருப்பதுபோலத் தெரியலாம். அந்தக் காலில் பாரம் போடாமல் சாந்து (பிளாஸ்ரர்) கட்டி வைத்தால் பாதத்தின் வடிவம் தப்பும். நடந்து திரிந்தால் உள்ளங்கால் வளைவு இடிந்து, பாதம் தோணியின் அடிபோல வெளியே வளைந்துவிடும். ஆகவே சலரோகக்காரருக்கு ஒரு பாதம் மட்டும் காரணமில்லாமல் சூடாகி வீங்கினால், உருவக் கூடாது, நடக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எல்லாக் கால் நோவும் சீனியால் வருவதில்லை என்பதும் உண்மை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதி கொல்லுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் பிரச்சினை. நாரியிலிருந்து ஒரு காலுக்கு இறங்கும் நோ முதுகெலும்பிலிருந்து வரலாம்.

வேலூரில் தெரியவந்தது

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். அங்கே தொழுநோயாளரின் கைகால்களைப் பார்த்தார். அந்த நோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கிறது என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் அவர்களோடு இருந்து பார்த்தார். சூடான சட்டியைக் கையால் தூக்குகிறார்கள். செருப்புக்குள் ஆணி குத்த நடக்கிறார்கள். காயத்தின்மேல் காயம் படுகிறது. உணர்வு போனபின் நடக்கும் சின்னச் சின்னக் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன என்பது அவருக்கு விளங்கியது. காயத்துக்கு ஓய்வு கொடுத்தால் அந்தத் தோலும் மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது. மெத்தென்ற ரப்பரில் அடி வைத்த செருப்புகள் அந்த வேலையிலிருந்து பரவியவை, எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கும் சலரோகக்காரருக்கு எழுதிக்கொடுப்பது அதன் வழி வந்ததுதான். பிறகு 1960களில் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன பிராண்ட், தொழுநோய்ப் பாதத்தில் கற்றதைச் சலரோகப் பாதத்துக்கும் கொண்டுபோனார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. உணர்வுள்ள எங்களுக்கு உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தால் நொண்டுவோம். நொண்டுவதுதான் வைத்தியம், பாரம் மற்றக் காலுக்குப் போய்விடுகிறது. விறைத்த காலுக்கு நொண்டத் தெரியாது. உள்ளங்காலில் புண்ணோடு ஒருவர் நேராக நடந்து வந்தால், அந்த நடையே அவருடைய நரம்பின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

செருப்பைக் கழற்றிய பிறகு

சரியான பராமரிப்பு என்பது பெரிய இயந்திரங்களில் தொடங்குவதில்லை. ஒரு நைலோன் இழை, தட்டினால் அதிரும் கவைபோன்ற ஒரு இசைக்கவை, வைத்தியரின் இரண்டு விரல்கள். இழையை உள்ளங்காலில் நிமிர்த்தி அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு எங்கே படுகிறது என்று சொல்லவேண்டும். அது தெரியவில்லை என்றால் காயத்திலிருந்து காக்கும் உணர்வு போய்விட்டது. 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தின் மேற்புறத்திலும் உட்புறக் கணுவுக்குப் பின்னாலும் நாடி பிடிப்பார்கள். விரலிடுக்கு, நகம், ஆணி, வெடிப்பு, எலும்பின் வடிவம், பிறகு செருப்பையும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். சந்தேகமாக இருந்தால் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடுவார்கள். சலரோகக்காரரின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அந்தக் கணக்கு பொய்யாக நல்லதாகத் தெரியும் என்பதால், கணக்கை மட்டும் நம்பிவிட முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? உணர்வும் நாடியும் நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். இரண்டும் குறைந்தால், அல்லது ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால், மூன்று முதல் ஆறு மாதம். உணர்வோ நாடியோ குறைந்தவருக்கு முன்பு புண் வந்திருந்தால், விரல் எடுத்திருந்தால், சிறுநீரகம் செயலிழந்திருந்தால், ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது 100க்கு 40 பேருக்கு நடக்கிறது.

லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரருக்குப் பாதத்துக்கென்றே படித்த ஆள் இருக்கிறார். இங்கே அந்தத் தொழிலில் ஆட்களைக் காண்பது அரிது. வேலை வைத்தியர், நேர்ஸ், பிசியோதெரபி என்று பிரிந்து கிடக்கிறது. ஆகவே கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக இருந்தாலும், பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளாக இருந்தாலும், கிளினிக்குக்குப் போகும் அன்று காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். உங்கள் முறை வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டே கதிரையில் இருங்கள். "டொக்டர், காலை ஒருக்கா பாக்கிறீங்களோ? விறைப்பு இருக்கு" என்று சொல்லுங்கள். சனம் நிரம்பி வழியும் நாளில் ஒருவர் எரிந்து விழக்கூடும். பரவாயில்லை, அடுத்த முறையும் கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்தில் உருவானது. படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். ஒருவர் சுட்டுவிரல் நுனியால், தடவாமல், அழுத்தாமல், ஒன்று இரண்டு விநாடி தொடவேண்டும்: இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல். மொத்தம் ஆறு தொடுகை. அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது, கிளினிக்கில் சொல்லவேண்டும். பேரப்பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள்.

எரிவுக்கு என்ன மருந்து

பரசிற்றமோலும் டிக்ளோபெனக் போன்ற நோக்குளிசைகளும் நரம்பு எரிவுக்கு அநேகமாகக் கேட்காது. டிக்ளோபெனக் வகை சலரோகக்காரரின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாமசியில் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்காகப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த எரிவுக்கு வேலை செய்பவை அமிற்றிப்ரிலின், டுலொக்ஸெற்றின், ப்ரிகபலின், கபபென்ரின் என்ற நான்கும். எல்லாம் வைத்தியர் எழுதித் தரவேண்டியவை. முதல் இரண்டும் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் என்பதால், "எனக்கென்ன விசரோ?" என்று கோபித்துக் குளிசையை எறிந்தவர்கள் உண்டு. நரம்பு நோவின் செய்தி முள்ளந்தண்டில் ஏறும் வழியை அவை தணிக்கின்றன, அவ்வளவுதான். அமிற்றிப்ரிலின் நித்திரையையும் வாய் உலர்வையும் தரும். இதய வருத்தமோ சலம் போவதில் தடையோ உள்ளவர்கள் முதலே சொல்லவேண்டும். ப்ரிகபலின் தலைசுற்றும், சிலருக்குக் கால் வீங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். இந்த மருந்துகளை எந்த ஒழுங்கில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும், ஒன்று போதாதபோது இரண்டாவதைச் சேர்த்தால் நோ மேலும் குறைகிறது என்றும் 2022இல் பிரித்தானியாவில் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. நோ முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதியாகக் குறைந்து இரவில் நித்திரை வந்தால் அது நல்ல பலன். ஒரு மருந்து கேட்கிறதா என்று அறிய இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும். தானாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

யாழ்ப்பாணத்துக்கு மிகவும் பொருந்தும் ஒரு விஷயம் பி12. சலரோகக் குளிசையான மெற்போமினை வருடக்கணக்காகப் போட்டால் உடம்பில் விற்றமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் கால் விறைக்கும், எரியும். மரக்கறிச் சாப்பாட்டில் அந்த விற்றமின் இல்லை. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. பிறந்ததிலிருந்து சைவம், பத்து வருடமாகக் கூடிய அளவில் மெற்போமின்: இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ குளிசையோ போட்டுச் சரிசெய்யலாம், அதுவும் முந்திப் பிடித்தால். அதற்காகச் சத்துக் குளிசைகளைத் தானாக அள்ளிப் போடுவதும் ஆபத்து. பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சீனியைக் கட்டுக்குள் வைப்பது அடித்தளம். ஆனால் பலகாலம் கூடிக் கிடந்த சீனியை மிக வேகமாக இறக்கினால், மூன்று மாதத்துக்குள் எச்.பி.ஏ.1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால், சிலருக்குப் புதிதாகக் கடும் எரிவு வரும். "இன்சுலின் போட்டுத்தான் கால் எரியுது" என்று ஊசியை நிறுத்துகிறவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். அந்த எரிவு பெரும்பாலும் மாதங்களில் தணியும். ஊசியை நிறுத்தினால் வருவது தணியாது.

வெறுங்காலும் சுடுதண்ணியும்

எங்கள் வாழ்க்கையே வெறுங்காலில் ஓடுகிறது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். கிணற்றடியில், அடுப்படியில், முற்றத்தில் வெறுங்கால். வளவில் கருக்குமட்டையும் நெருஞ்சியும். கோயிலில் கேட்கவே வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆவணி வெயிலில் வீதி மணல் மத்தியானத்தில் பொரியும். உணர்வுள்ளவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். விறைத்த கால்காரர் அமைதியாகச் சுற்றி வருவார், மாலையில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். நான் யாருடைய நேர்த்தியையும் நிறுத்தச் சொல்லமாட்டேன். விடியப்புறப் பூசைக்கோ, மணல் ஆறிய மாலைக்கோ போகலாம். வீதிவரை செருப்போடு போகலாம். வந்தவுடன் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்கு ஆயத்தமாகிறவர்கள் முதலில் பாதத்தைச் சோதிக்கட்டும். உணர்வு போயிருந்தால் அந்த நடை வேண்டாம், வேறு நேர்த்தி வைக்கலாம்.

வீட்டுக்குள் போட மட்டும் சுத்தமான ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலிடுக்கில் வார் வரும் சிலிப்பர் விறைத்த காலுக்கு உதவாது. வார் அந்த இடுக்கை அறுக்கும், கழன்றாலும் தெரியாது. பின்னால் வார் உள்ள, அடி மெத்தென்ற, முன்னால் விரலுக்கு ஒரு சென்ரிமீற்றர் இடம் விடும் செருப்பு வேண்டும். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். ஒரு தாளில் நின்று பாதத்தை வரைந்து வெட்டிக்கொண்டு போய்ச் செருப்புக்குள் வைத்துப் பார்த்தால், தாள் மடங்குகிறதா என்று தெரிந்துவிடும். விறைத்த காலுக்கு "இறுக்கமில்லை" என்று சொல்லத் தெரியாது, தாளுக்குத் தெரியும்.

சூடு பற்றி. உப்புப் போட்ட சுடுதண்ணியில் கால் வைப்பது, மணல் வறுத்து ஒத்தணம் கொடுப்பது, சுடுதண்ணிப் பை. உணர்வுள்ள காலுக்கு இதம். விறைத்த கால் அதிலே வெந்துபோகும், தெரியாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அன்பாக வாங்கி அனுப்பும் சூடு தரும் கால் இயந்திரங்களும் இதில் சேரும். பிள்ளைகளே, அதை அனுப்பாதீர்கள். ஒரு நல்ல செருப்பும் ஒரு கைக்கண்ணாடியும் அனுப்புங்கள். குனிய முடியாத அம்மாவுக்கு உள்ளங்காலைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். கண்ணும் மங்கியிருந்தால் வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். கார்த்திகை மாரியில் விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வரும். அங்கே உலரத் துடைக்கவேண்டும், எண்ணெய் பூசக்கூடாது. குதிக்கும் உள்ளங்காலுக்கும் தேங்காயெண்ணெய் தாராளமாகப் பூசலாம். ஆணியைப் பிளேட்டால் சீவாதீர்கள், ஆணிக்களிம்பும் போடாதீர்கள்.

புண் வந்துவிட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவி, உலர்ந்த துணியால் மூடி, அன்றோ மறுநாளோ காட்டவேண்டும். மஞ்சள், பற்று, பவுடர் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் பலர். கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். சலரோகப் பாதப்புண்ணைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் நாடியும் கிருமியும் எலும்பும் ஆஸ்பத்திரியில் பார்க்கப்படட்டும்.

மருந்து கட்டுவது மட்டும் புண்ணை ஆற்றாது. பெரியம்மாவின் புண்ணுக்கு ஒரு சிறிய மருந்தகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டினார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்து போவார், நடந்து வருவார். இரண்டு மாதம் ஆறவில்லை. போன வழியிலேயே புண் திறந்துகொண்டிருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சைக்கிளில் போகும் ஐயாமாருக்கும் இதேதான். மிதிக்கும்போது பாரம் விழுவது விரலுக்குக் கீழே உள்ள மேட்டில். பிறகு வேறோர் இடத்தில், வைத்தியர் தடித்த விளிம்பை வெட்டி நீக்கி, முழங்கால் வரை சாந்து கட்டிவிட்டார். ஆறு கிழமையில் மூடியது. நாடி நன்றாக இருந்தது, எலும்புக்குக் கிருமி போகவில்லை, அதனால் முடிந்தது. நாடி இல்லாத காலாக இருந்தால் குழாயைத் திறக்க முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். இரத்தம் வராத இடத்தில் எந்த மருந்தும் ஆற்றாது.

காத்திருக்கக்கூடாத நிலைகள் உண்டு. புண்ணைச் சுற்றிய சிவப்பு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பரவுவது, மணம், கறுப்பு, சீழ், காய்ச்சல் நடுக்கம், திடீரென்று கால் வெளிறிச் சில்லிட்டு நோவது. நோ இல்லையே என்று விடியும்வரை இருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; வடக்கில் அது 2018இலிருந்து ஓடுகிறது. நெடுந்தீவு போன்ற இடங்களில் இருப்பவர்கள் குறிகட்டுவானுக்குப் படகு ஏறவேண்டியிருக்கும் என்பதால், இன்னும் முந்திக்கொள்ளவேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துப்போடுவினம்" என்ற பயம் எனக்கு விளங்குகிறது. போர் கால்களைப் பறித்த ஊர் இது. கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்துகொடுத்த ஜெய்ப்பூர் நிறுவனம் இன்றும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, சலரோகத்தால் கால் போனவர்களும் அங்கே போகிறார்கள். ஆனால் பயத்தில் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் முழங்காலுக்கு மேலே போயிருக்கிறது. நேரத்துக்குப் போயிருந்தால் ஒரு விரலோடு முடிந்திருக்கும்.

பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவில். ஞாயிற்றுக்கிழமை இரவில் வீடியோ கோல் வரும். முகத்தைப் பார்த்துக் கதைத்து முடிந்ததும், "அம்மா, காலைக் காட்டுங்கோ" என்பான். முதல் முதல் கேட்டபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது, போனை என்னிடம் தந்துவிட்டார். இப்போது தானே கதிரையில் சாய்ந்து, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து, போனை அதற்கு நேரே திருப்புவார். அவன் அங்கிருந்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பான். போன கிழமை சின்னவிரலின் ஓரத்தில் ஒரு சிவப்பைக் கண்டான். செருப்பின் வார் உரசியிருந்தது. அடுத்த நாள் வாரை மாற்றினோம்.